அலியார் காக்காவைத் திரும்பக் கடலுக்குள் இறக்கிய நாள்

நான் சுழியோடி அல்ல. ஓய்வுபெற்ற பிறகு என்னைக் கூட்டங்களுக்கு அழைக்கிறவர்கள் அப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருகோணமலைத் துறைமுகத்தில் என் வாழ்நாள் வேலை, சுழியோடி தண்ணீருக்குள் இருக்கும்போது மேலே படகில் நின்று அவருடைய உயிர்க்கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பது. இறங்கியவர்கள் வேறு ஆட்கள். நான் கயிற்றின் மேல்முனையில் இருந்தவன்.

அண்மையில் இங்கே சுழியோடிகளுக்கென்று வகுப்பறையும் கரும்பலகையும் பரீட்சையும் வந்திருக்கின்றன. பரீட்சையில் சித்தியடையாதவர் இனிக் கடலில் இறங்க முடியாது. பழைய ஆட்கள் சிலர், “கடலைப் பலகையில எழுதிப் படிக்கலாமோ?” என்று சிரிக்கிறார்கள். பழைய ஆட்களைப் பார்த்து இளம் ஆட்கள் சிரிக்கிறார்கள். இரண்டு பக்கத்தாரும் என்னிடம் நியாயம் கேட்டு வந்தார்கள். எனக்கு நியாயம் சொல்லத் தெரியாது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஒரு நாள் நடந்ததைச் சொல்லத் தெரியும்.

என் தகப்பனார் சல்லி என்ற கரையோரக் கிராமத்தில் கரைவலை இழுத்தவர். என்னைக் கடலுக்குக் கிட்ட விடவில்லை. “என்ர கையைப் பார். இந்தக் கை உனக்கு வேண்டாம்” என்று சொல்லிப் பட்டணத்து ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். நான் படித்து முடித்தபோது யுத்தம் தொடங்கிவிட்டது. துறைமுகம் நிறையக் கப்பல்கள். வேலைக்கு ஆள் போதவில்லை. வரிசையில் நின்ற என்னிடம் ஒரு தாளைத் தந்து வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். அன்றே சுழியோடிப் படகில் ஏற்றிவிட்டார்கள். மீன்பிடிக்காரன் மகன், ஆங்கிலம் வாசிப்பான், ஒழுங்காக ஒரு முடிச்சுப் போடத் தெரியாது. படகில் இருந்தவர்களுக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது.

படகுக்குப் பொறுப்பானவர் பெல் துரை. இங்கிலாந்தில் சுழியோடியாக இருந்து இளைப்பாறியவரை யுத்தத்துக்காகத் திரும்ப அழைத்திருந்தார்கள். சிறு வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டவர் என்று அவரே சொல்வார். இடுப்பு எலும்பு பழுதாகி ஒரு பக்கம் சாய்ந்துதான் நடப்பார். இளம் வயதில் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததால் ஏற்பட்ட பழுது அது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை, பாராட்டியும் கேட்டதில்லை. தமிழில் இரண்டு சொற்கள் பழகியிருந்தார். ஒன்று “திரும்ப”. மற்றது “மெதுவா”. நான் சரியாகச் செய்தாலும் “திரும்ப” என்பார், பிழையாகச் செய்தாலும் “திரும்ப” என்பார். எது சரி, எது பிழை என்று நானாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்தக் காலத்துச் சுழியோடிக்கு உடுப்பு மாட்டுவதே பெரிய வேலை. இறப்பர் பூசிய கித்தான் உடுப்பு, காலுக்கு ஈயச் சப்பாத்து, நெஞ்சிலும் முதுகிலும் ஈயக் கட்டிகள், தலைக்குச் செப்புக் கவசம். கவசத்துக்குப் பின்னால் காற்றுக் குழாய். படகில் இருக்கும் பம்பியை ஆட்கள் கையால் சுழற்றிக்கொண்டே இருந்தால்தான் கீழே இருப்பவருக்கு மூச்சு. எல்லாம் பூட்டி, முகக் கண்ணாடி ஒன்றுதான் மிச்சம் என்ற நேரத்தில் பெல் துரை அந்தத் திறந்த இடத்தில் மூக்கை வைத்துக் குழாயில் வரும் காற்றை மணந்து பார்ப்பார். பிறகு சுழியோடியிடம், “இன்று என்ன சாப்பிட்டாய்?” என்று கேட்பார். நான் மொழிபெயர்ப்பேன். பிட்டோ பாணோ, அதில் அவருக்கு அக்கறை இல்லை. பதில் சொல்லும் குரலைத்தான் கவனித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் ஒருவர் “பிட்டும் மீன்கறியும்” என்று சொன்ன விதத்தைக் கேட்டுவிட்டு அவருடைய உடுப்பைக் கழற்றச் சொன்னார். பின்னேரம் அந்த மனிதருக்குக் காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது.

எனக்குக் கயிறு பிடிக்கப் பழக்கியதும் அவர்தான். களஞ்சியத்தின் மூலையைச் சுற்றிக் கயிறு போகும். அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு, கயிறு தளராமலும் இறுகாமலும் பிடித்தபடி, அங்கே நிற்பவர் என்ன செய்கிறார் என்று சொல்ல வேண்டும். நடக்கிறாரா, குனிகிறாரா, சும்மா நிற்கிறாரா? முதல் கிழமைகளில் எனக்குக் கயிறு வெறும் கயிறாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள், “அவர் இருமுகிறார்” என்று சொன்னேன். மூலைக்கு அப்பாலிருந்து யாரோ சிரித்தார்கள். பெல் துரை “திரும்ப” என்றார்.

அதே பெல் துரை திங்கட்கிழமைகளில் என்னைப் பெட்டியொன்றின் மேல் இருத்தி அட்டவணை வாசிக்க வைப்பார். எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் வேலை செய்தால், மேலே வரும் வழியில் எங்கெங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று சொல்லும் அட்டவணை அது. காரணத்தை ஒரு கோலிச் சோடாப் போத்தலால் விளக்கினார். சடக்கென்று குண்டை அமுக்கினார். நுரை பொங்கி அவர் முழங்கை வரை வழிந்தது. இன்னொன்றை எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விட்டார். ஒரு துளிகூடச் சிந்தவில்லை. ஆழத்தில் அமுக்கத்தோடு மூச்செடுத்தவனின் இரத்தமும் அப்படித்தான் என்றார்.

எங்கள் படகின் முதன்மைச் சுழியோடி அலியார் காக்கா. கிண்ணியாக்காரர்; அவர்கள் வழக்கில் காக்கா என்றால் அண்ணன். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். மன்னார்ப் பக்கம் போய் மூச்சடக்கிச் சங்கு குளித்த குடும்பம். பம்பியைச் சுழற்றுகிறவர்களில் ஒருவர் அவருடைய தங்கையின் கணவர், உதுமான். அலியார் காக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது, தமிழ் எழுத்தும் தெரியாது, குர்ஆன் ஓதத் தெரியும். ஆனால் சேற்றுக்குள் கையை விட்டால் அந்தக் கை எல்லாவற்றையும் வாசிக்கும்.

ஒருமுறை கப்பலொன்றின் நங்கூரம் சங்கிலி அறுந்து விழுந்துவிட்டது. வரைபடத்தில் குறித்திருந்த இடத்தில் முறைப்படி வட்டமடித்துத் தேடினோம். இல்லை. அலியார் காக்கா மேலே வந்து, “இஞ்ச சேறு கிடந்த மாதிரியே கிடக்கு, ஆரும் உழக்கேல்ல. விழுந்த அண்டு வாடைக்காத்து. கப்பல் இழுபட்டுத்தான் அறுந்திருக்கும். அங்கால தேடுவம்” என்றார். பெல் துரை வரைபடத்தை மடித்து வைத்துவிட்டுப் படகை நகர்த்தச் சொன்னார். ஆனால் புது இடத்திலும் அதே முறைப்படி, ஓர் ஆறடிப் பாகம்கூடக் குறைக்காமல் வட்டமடிக்க வைத்தார். நங்கூரம் அகப்பட்டது. அலியார் காக்காவின் மூளையா, பெல் துரையின் வட்டமா என்று படகில் இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. அவர்கள் இருவரும் மட்டும் அதில் சேரவில்லை.

அவர்கள் இருவருக்கும் ஒத்துவராத விஷயம் ஒன்றே ஒன்று. மேலே வரும் வழியில் நிற்பது. அலியார் காக்காவுக்கு அதில் நம்பிக்கையே இல்லை. “மூச்சு முடிய முன்னம் மேல வா. இதுதான் என்ர வாப்பா எனக்குச் சொல்லித் தந்தது. வேலை முடிஞ்ச மனிசன் நடுக்கடலில தொங்கிக்கொண்டு நிக்கிறது என்ன கதை?” என்பார். சங்கு குளிப்பதில் அது முழு உண்மை. மேலேயிருந்து கொண்டுபோகும் ஒரு மூச்சோடு இறங்கி ஏறுகிறவனுக்குத் தாமதம்தான் எமன். கீழேயே நின்று பம்பிக் காற்றைக் குடிக்கிறவனுக்குக் கணக்கு வேறு. இதை நான் பலமுறை சொன்னேன். கேட்டுக்கொள்வார். துரைக்கு மரியாதை கொடுத்து நிற்பாரே தவிர நம்பி நிற்கவில்லை.

சித்திரை மாதத்தில் யப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டன. பட்டணம் பாதி வெறுமையாகிவிட்டது. என் தாயார் திரியாயில் இருந்த உறவினரிடம் போய்விட்டார். வேலையாட்கள் பலர் காடு வழியே ஓடினார்கள். அலியார் காக்காவும் உதுமானும் குடும்பங்களைக் கடலுக்குத் தூரமான ஊர்களுக்கு அனுப்பிவிட்டுச் சில நாட்களில் திரும்பி வந்தார்கள். அதன் பிறகு நெடுநாள் வரை, விமானம் வந்தாலும் வராவிட்டாலும், அபாயச் சைரன் அடிக்கடி ஊதும்.

அப்படியொரு நாள்தான் அது. துறைமுகத்தின் ஆழமான பகுதியில் இயந்திரச் சாமான் ஏற்றிய பார்ஜ் என்ற தட்டைப் படகொன்று தாழ்ந்துபோயிருந்தது. அதைத் தூக்குவதற்குக் கம்பிவடம் மாட்ட அலியார் காக்கா காலையில் இறங்கினார். பெல் துரை வேறொரு வேலையாகச் சீனன்குடாப் பக்கம் போயிருந்தார். வடம் சிக்கிக்கொண்டதால் நினைத்ததைவிட அதிக நேரம் எடுத்தது. மாட்டி முடித்ததும் அட்டவணைப்படி முதல் இடத்தில் நிறுத்தினேன். நின்று சிறிது நேரம்கூட ஆகவில்லை, சைரன் ஊதியது.

தண்ணீருக்குள் குண்டு வெடித்தால், தூரத்தில் இருக்கும் சுழியோடியும் தப்பமாட்டார். உள்ளே இருக்கும் எல்லாம் நசுங்கிவிடும். சைரன் ஊதினால் சுழியோடியை உடனே மேலே எடு என்பது எங்களுக்குக் கட்டளை. மேலே வா என்று நாலு இழுப்பு இழுத்தேன். எல்லாருமாகச் சேர்ந்து அவரை மேலே எடுத்தோம். கவசத்தைக் கழற்றியதும் அவர் முதலில் பார்த்தது வானத்தை. படகை நங்கூரத்திலிருந்து அவிழ்க்க நேரமில்லை. படகுத் தளத்தில் குப்புறப் படுத்துக்கொண்டோம்.

விமானம் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் அலியார் காக்கா எழுந்திருந்து கையைச் சொறியத் தொடங்கினார். “சொணை பட்ட மாதிரிக் கடிக்குது,” என்றார். பிறகு தோளைப் பிடித்துக்கொண்டார். நெற்றி வியர்த்தது. கால் நீட்டியிருந்தவர் மடக்கப் பார்த்தார், கால் வரவில்லை. தன் தொடையில் தானே கையால் குத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்து எங்கள் முகங்களைப் பார்த்தார்.

“குத்தினது காலுக்குத் தெரியுதில்ல,” என்றார்.

உதுமான் பதறிப்போனார். “மச்சானுக்குக் குளிர் பிடிச்சிரிக்கி. எண்ணெய் சுட வச்சுத் தேய்ச்சாச் சரியாப்போகும். கரைக்குக் கொண்டுபோவம்.”

“இது குளிர் இல்லை. திரும்ப இறக்கவேணும்,” என்றேன்.

“எங்க?”

“தண்ணிக்குள்ள.”

உதுமான் என்னை ஒரு பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “நடக்க ஏலாத மனிசனையா? ஆபத்து நீங்கின சைரன்கூட இன்னும் ஊதேல்ல. உங்கட புத்தகத்தில மனிசனைக் கொல்லவும் எழுதியிருக்கோ?”

அவர் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. தண்ணீரால் வந்த வருத்தத்துக்குத் திரும்பத் தண்ணீரில் போடு என்பது கண்ணால் காண்கிற எந்த அறிவுக்கும் பொருந்தாத வைத்தியம். என் கண்ணுக்கும் அது பொருந்தவில்லை. அட்டவணையின் கீழே இருந்த சில வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு நின்றேன்: திரும்ப இறக்கு, நோவு நீங்கும் ஆழம் வரை இறக்கு, பிறகு மிக மெதுவாக எடு. அங்கே கேட்பதற்கு ஒருவரும் இல்லை. இரத்தத்தில் நுரை இன்னும் மேலே ஏறினால் ஆள் போய்விடுவார் என்பது மட்டும் தெரியும்.

“தம்பி, இஞ்ச வா,” என்றார் அலியார் காக்கா. பக்கத்தில் குந்தினேன். நோவில் பல்லைக் கடித்துக் கடித்துத்தான் பேசினார்.

“இப்பிடி ஒரு ஆளை இறக்கி, அவன் சுகமா மேல வந்ததை நீ கண்டனியா?”

“காணேல்ல காக்கா. படிச்சனான்.”

“துரைக்குச் செய்தவையோ?”

“செய்யேல்ல. செய்திருந்தா இடுப்புத் தப்பியிருக்குமெண்டு சொன்னவர்.”

அவர் கடலைப் பார்த்தார். பிறகு கேட்டார்: “கயிறு ஆர் பிடிக்கிறது?”

“நான்தான்.”

“குண்டு போட்டா?”

“நானும் இஞ்சதான் நிப்பன்.”

“அப்ப இறக்கு,” என்றார். உதுமானைப் பார்த்து, “மச்சான், கதை போதும். பம்பியைப் பிடி” என்றார்.

ஆனால் எப்படி இறக்குவது? கால் விளங்காத மனிதர் அந்த ஈயப் பாரத்தோடு ஏணியில் இறங்க முடியாது. நடுவில் தொங்கும்போது நிமிர்ந்திருக்கவும் முடியாது. அதைப் பற்றி அட்டவணையில் ஒரு வரியும் இல்லை. அதுவரை எதிர்த்து நின்ற உதுமான்தான் வழி கண்டார். படகின் குறுக்குப் பலகையொன்றைக் கழற்றி, இரண்டு முனையிலும் கயிறு கட்டி, ஊஞ்சல்போல ஆக்கினார். அலியார் காக்காவை அதில் இருத்தி, இடுப்பைச் சேர்த்துக் கட்டினார். முடிச்சுகளை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். கவசம் பூட்ட முன் நாங்கள் மூன்று பேரும் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம். நோவு நீங்கினால் மூன்று இழுப்பு. கால் தெரிய வந்தால் பலகையைக் காலால் உதைப்பது. முகக் கண்ணாடியைப் பூட்டும்போது அவர் உதடுகள் ஓதிக்கொண்டிருந்தன.

இறக்கினோம். ஒவ்வொரு பாகமாகக் கயிறு என் கையால் போனது. முதலில் நிறுத்திய இடத்தில் பதில் இல்லை. இன்னும் இறக்கினேன். பதில் இல்லை. கயிற்றில் ஓர் உடலின் பாரம் மட்டும் தெரிந்தது. நடக்கிறவரும் வேலை செய்கிறவரும் கயிற்றில் எப்படித் தெரிவார்கள் என்று எனக்குப் பழக்கம். அசைவே இல்லாமல் தொங்கும் மனிதரின் பாரத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பிடித்தேன். உதுமானின் கண் பம்பியின் சில்லை விட்டு என் கைக்கு வந்தது. இன்னும் இறக்கினேன்.

மூன்று இழுப்பு வந்தது. சின்னதாக, ஆனால் தெளிவாக.

நான் சொல்ல வாயெடுக்க முன்பே உதுமான் என் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டார்.

ஆபத்து நீங்கிய சைரன் அதன் பிறகுதான் ஊதியது. அடுத்து வந்தது களைப்பு. அந்த ஆழத்துக்குக் காற்று அனுப்பப் பம்பியை நிறுத்தாமல் சுழற்ற வேண்டும். உதுமானும் மற்ற இரண்டு பேரும் காலையிலிருந்து சுழற்றியவர்கள். சில்லின் வேகம் குறையத் தொடங்கியது. கிண்ணியாவுக்குப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணியிலிருந்து மீனோடு வந்துகொண்டிருந்த வள்ளமொன்றை உதுமான் கூப்பிட்டார். “அலியார் கீழ நிக்கிறார், கை தாங்க” என்றதுதான், வேறு விளக்கம் கேட்காமல் ஏறி வந்து பம்பியைப் பிடித்தார்கள். அவர்களுடைய மீன் வெயிலில் காய்ந்து நாறிக்கொண்டு கிடந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு, நோவு நீங்கிய ஆழத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து இரண்டாவது தரம் நிறுத்தியிருந்த நேரம், கயிற்றில் ஓர் அதிர்வு. இழுப்பு அல்ல. மீன் தட்டியதோ என்று நினைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பவும் வந்தது. மரத்தில் குதிக்கால் படுகிற அடி.

“உதைக்கிறார்,” என்றேன். உதுமான் பம்பியில் தலையைச் சாய்த்து அழுதார், கையை மட்டும் நிறுத்தவில்லை.

பெல் துரை விசைப்படகில் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு. ஏறியதும் நேரே என்னிடம் வந்தார். கயிற்றைப் பார்த்தார், எத்தனை பாகம் வெளியே இருக்கிறது என்று பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எப்போது இறக்கினேன், எங்கே நோவு நீங்கியது என்று நான் சொல்லக் கேட்டார். நான் கயிற்றை அவரிடம் நீட்டினேன். இனிப் பொறுப்பு அவருடையது என்ற ஆறுதல் எனக்கு. அவர் வாங்கவில்லை. “அவருக்குத் தெரிந்தது உன் கை,” என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு “மெதுவா” என்று தமிழில் சொல்லிவிட்டு, சட்டைக் கையை மடித்து, பழுதான இடுப்பைப் படகின் ஓரத்தில் சாய்த்துக்கொண்டு, பம்பியில் தன் முறையைச் சுழற்றினார்.

பொழுது பட்டு, பட்டணத்துப் பள்ளிவாசலில் மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு கேட்கும் நேரம் அலியார் காக்காவை மேலே எடுத்தோம். வலது கால் நன்றாக வந்துவிட்டது. இடது பாதம் கொஞ்சம் இழுத்தது. இரண்டு பேர் தோளில் கையைப் போட்டு, தானே அடியெடுத்து வைத்துக் கரைக்கு இறங்கினார்.

வைத்தியசாலையிலிருந்து அவர் வீட்டுக்குப் போன பிறகு பெல் துரையும் நானும் ஓடத்தில் கிண்ணியாவுக்குப் போனோம். துரைக்கு முற்றத்தில் கதிரை போட்டார்கள். பனங்கட்டியும் தேநீரும் வந்தன. சுகம் விசாரித்து முடிந்ததும் அலியார் காக்கா என் பக்கம் திரும்பினார்.

“துரையிட்டக் கேள். தண்ணிக்குள்ள திரும்பப் போட்டா மாறுமெண்டு இதை ஆர் கண்டுபிடிச்சது? என்னெண்டு கண்டுபிடிச்சவை?”

பெல் துரை சொன்னார், நான் தமிழில் சொன்னேன். அவர்களுடைய நாட்டில் படித்தவர் ஒருவர், பெரிய இரும்பு அறையொன்றுக்குள் ஆடுகளை விட்டு, கடலாழத்தில் இருப்பதுபோல உள்ளே காற்றை அமுக்கி, பிறகு வெவ்வேறு வேகத்தில் அமுக்கத்தைக் குறைத்துப் பார்த்தாராம். சில ஆடுகள் செத்தன, சில நொண்டின, சில சுகமாக நின்றன. அதிலிருந்து வந்ததுதான் அட்டவணை.

அலியார் காக்கா இடது பாதத்தைக் கையால் தடவினார்.

“ஆடு வாயால சொல்லாதே. அதுக்கு நோகுதெண்டு எப்பிடித் தெரியும்?”

நோவு வந்த ஆடு முன்னங்காலைத் தூக்கிக்கொள்ளும் என்றார் பெல் துரை. அறையின் சிறு கண்ணாடி வழியாக ஒருவர் அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

“எவ்வளவு நேரம்?”

“நாள் முழுக்க. எத்தனையோ நாட்கள்.”

“அப்ப ஒரு மனிசன் ஆட்டுக் காலைப் பாத்தபடியே இருந்திருக்கிறான்,” என்றார் அலியார் காக்கா. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “அவன் நல்லாக் கயிறு பிடிச்சிருப்பான், தம்பி.”

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். பெல் துரை சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அட்டவணை கையில் இருக்கிறதா என்று அலியார் காக்கா கேட்டார். இல்லை, எனக்கு மனப்பாடம் என்றேன்.

“அப்ப சொல்லு,” என்று கண்ணை மூடிக்கொண்டார். “முதல் வரியிலயிருந்து, மெதுவாச் சொல்லு. நான் பாடமாக்கவேணும்.”